தெற்கு வீதித் திருப்பத்தில் நின்ற காந்தாரம்

ஆலிலைமங்கலத்தில் கிழக்கு வீதி முடிந்து தெற்கு வீதி தொடங்குகிற திருப்பத்தில், தமயந்தியின் இஸ்திரி வண்டிக்கும் ரபீக் பாய் டீக்கடைக்கும் நடுவே, கையை உயர்த்தினால் எட்டாத, ஏணி வைத்தால் எட்டிவிடுகிற உயரத்தில், ஒரு காந்தாரம், சரிகமவின் 'க', நின்றுபோயிற்று. அது நின்ற நாளில் மழையும் இல்லை, இடியும் இல்லை. ஆனி மாதத்துக் காலை வெயில்தான் இருந்தது, சாமி பல்லக்கில் வந்துகொண்டிருந்தார், அபயாம்பாள் நாகஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தாள், அவள் வீட்டுக்காரன் பக்கிரிசாமி பக்கத்தில் தவிலோடு நடந்துகொண்டிருந்தான், எல்லாம் எல்லா வருஷமும் போலத்தான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. சாமி புறப்பட்டால் நான்கு வீதியும் சுற்றிக் கோயிலுக்குள் திரும்புகிறவரை மேளம் நிற்கக் கூடாது. சாமி நடப்பது தெருவில் அல்ல, சத்தத்தின் மேல் என்பார்கள். மேளம் நின்றால் எடுத்து வைத்த கால் அந்தரத்தில் நிற்கும் என்பார்கள். எந்த வீதியில் எந்த ராகம் என்பதற்கும் கணக்கு இருந்தது. தெற்கு வீதித் திருப்பத்துக்குச் சகானா. அபயத்தின் அப்பா அங்கே சகானா வாசித்தார், அவருடைய மாமா அங்கே சகானா வாசித்தார், அபயமும் அன்றைக்குச் சகானாவைத்தான் எடுத்தாள், எடுத்து, சட்ஜம் வைத்து, ரிஷபத்தில் ஏறி, அடுத்த படியான காந்தாரத்தைத் தொட்டு அதை இழுத்துக்கொண்டு எங்கோ போகத் தொடங்கியபோது, கூட்டத்தின் முன்னால் நின்ற நீலமேகம் வலது கையைத் தூக்கினார்.

"நிறுத்து" என்றார். சத்தமாகக்கூட இல்லை.

நீலமேகம் மரபிசைக் காப்புக் கழகத்தின் செயலாளர். கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் காது அப்படி. பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்தால் அது எந்தச் சுவரத்துக்கு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அவருக்குத் தெரியும், தெரிந்ததால் வலிக்கவும் செய்யும். "என் இருமலுக்கே சுருதி பார்க்கிற மனுஷன்" என்று அவர் மனைவி உறவுக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அபயத்தின் வாசிப்பில் கல்யாண மண்டபத்து வளைவும் சினிமாக் குழைவும் ஏறிவிட்டன என்பது அவருடைய நெடுநாள் வருத்தம். உற்சவம் முடிந்ததும் தவறாமல் வந்து, "தப்பா நெனைச்சுக்காதேம்மா" என்று ஆரம்பித்து, எங்கெங்கே தப்பு என்று சொல்லிவிட்டுப் போவார். வீட்டுக்கு வந்ததும் பக்கிரிசாமி தவிலை இறக்கி வைத்தபடி, "தப்பு பூராவும் நமக்கு. அதை நெனைச்சுக்கக்கூட விடமாட்டேங்கிறாரே" என்பான். அபயம் சிரிப்பாள். ஆனால் சோறு இறங்காது.

அன்றைக்குக் கை உயர்ந்ததும் பல்லக்குத் தூக்கிகள் சாமிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நின்றார்கள். பக்கிரிசாமியின் கை தவிலின் மேலேயே நின்றது. அபயம் குழலின் ஊதுவாயான சீவாளியை உதட்டிலிருந்து எடுத்தாள். எடுத்த பிறகும் காந்தாரம் ஒலித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், அவள் நாகஸ்வரத்தைப் பார்த்தாள், பிறகு எல்லோரும் மேலே பார்த்தார்கள். குருக்கள் தீபாராதனையைச் சுருக்கமாக முடித்தார். மிச்சம் மூன்று வீதியும் சாமி வேறு ராகங்களில் போய்ச் சேர்ந்தார். காந்தாரம் மட்டும் போகவில்லை.

முதல் நாள் எல்லோரும் டிரான்ஸ்பார்மர் என்றார்கள். லைன்மேன் வந்து கம்பத்தில் காது வைத்துப் பார்த்து, இது எங்க சத்தம் இல்ல, எங்க சத்தம் இவ்வளவு நல்லா இருக்காது என்று சொல்லிவிட்டு டீ குடித்துப் போனார். மறுநாள் யாரோ எலுமிச்சம்பழம் கட்டினார்கள். அதற்கடுத்த நாள் அந்தப் பழத்தை யாரோ அவிழ்த்துப் போய் ரசத்துக்குப் பிழிந்துகொண்டார்கள். ஒரு வாரத்துக்குள் ஊர் அதற்கு இடம் கொடுத்துவிட்டது, கல்யாண வீட்டில் யார் பக்கத்து உறவு என்றே தெரியாத விருந்தாளிக்கும் ஓர் இலை போடுவதைப் போல.

ரபீக் பாய் கடையில் பால் பொங்கி வழிவது நின்றது. விளிம்புவரை ஏறி, காந்தாரத்தைக் கேட்டு, அப்படியே நின்றது. டவுன் பஸ் டிரைவர் அந்தத் திருப்பத்தில் மட்டும் ஹாரன் அடிக்கக் கூச்சப்பட்டார். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவன் தன் கூவலை அதே சுருதியில் பொருத்திக்கொண்டான், வியாபாரம் கூடியது என்றான். பள்ளிவாசலில் பாங்கு சொல்கிறவர், தொண்டை கட்டிய நாளில் அது கைப்பிடிச் சுவர் மாதிரி உதவுகிறது என்று ரபீக் பாயிடம் சொல்லி அனுப்பினார். காதுக்குள் ஓயாமல் இரைச்சல் கேட்கிற நோய்க்காரர்கள் வெளியூரிலிருந்து வந்து அதன் கீழ் உட்கார்ந்தார்கள்; வெளியிரைச்சலும் உள்ளிரைச்சலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு அடங்கிவிடுவதாகச் சொன்னார்கள். சண்டை போட வந்தவர்கள் அங்கே நின்று சண்டை போட முடியாமல், நாலு அடி தள்ளிப் போய்ப் போட்டார்கள். தபால்காரர் "காந்தாரத்துக்கு எதிர் வீடு" என்று கேட்டே வீடு கண்டுபிடித்தார்.

தமயந்தி அப்போது நிறைமாதம். ஆவணியில் பிள்ளை பிறந்து, பச்சை உடம்போடு வண்டிக்குத் திரும்பியவள், பக்கத்து வேப்பமரத்தில் தூளி கட்டினாள். தூளியை யாரும் ஆட்டவேண்டியிருக்கவில்லை. காந்தாரமே ஆட்டியது.

இப்படி ஊர் முழுக்க வாங்கிக்கொண்டதை, கொடுத்தவள் மட்டும் இழந்திருந்தாள் என்பது சில நாள் கழித்துத்தான் அபயத்துக்குத் தெரிந்தது. ஒரு நிச்சயதார்த்தத்தில் உட்கார்ந்து ஆனந்தபைரவியை எடுத்தாள். காந்தாரத்துக்கு வந்ததும் குழலிலிருந்து வெறும் காற்று வந்தது, ஊதி விளக்கணைக்கிற மாதிரி. சீவாளியை மாற்றினாள். காற்றுதான். பக்கிரிசாமி முகம் மாறாமல் அந்த இடத்தைத் தவிலால் மூடினான். வீட்டுக்கு வந்து வேறு குழலில் ஊதிப் பார்த்தாள், அப்பாவுடைய பழைய குழலிலும் ஊதிப் பார்த்தாள். மூச்சு ஒன்றுதானே. அதில் ஒரு துண்டு தெற்கு வீதியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு காந்தாரம் இல்லாத ராகங்களைத் தேடி வாசிக்கவேண்டியதாயிற்று. சுத்தசாவேரி இருந்தது. மத்தியமாவதி இருந்தது. ஆனால் மத்தியமாவதி மங்களம் பாடி முடிக்கிற ராகம். மாப்பிள்ளை அழைப்பிலேயே அதை வாசித்தால் பெரியவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். "என்னம்மா, வரும்போதே கை அலம்பச் சொல்றியே, இன்னும் இலையே போடலியே" என்று ஒரு சம்பந்தி கேட்டே விட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அபயமும் சிரித்தாள். திரும்பி வருகிற வேனில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, பக்கிரிசாமி வாங்கிக் கொடுத்த முறுக்கைப் பிரிக்காமலே மடியில் வைத்திருந்தாள்.

கழகத்தார் காந்தாரத்தைப் பரிசோதிக்க வந்தார்கள். சுருதி காட்டும் கருவியை ஒரு மூங்கில் கழியில் கட்டி மேலே தூக்கிப் பிடித்தார்கள். இருக்கவேண்டிய இடத்துக்குக் கீழே இருக்கிறது என்றார் ஒருவர். எவ்வளவு கீழே என்பதில் இருவருக்குள் சண்டை வந்து பேச்சுவார்த்தை நின்றது. கழகத்தின் மிக மூத்த உறுப்பினர், நான் சின்ன வயதில் கேட்ட சகானாவில் காந்தாரம் ஏறக்குறைய இங்கேதான் இருந்தது என்று சொல்லப்போக, வயதாகிவிட்டது என்று அவரைக் கௌரவ ஆலோசகராக்கி உட்கார்த்திவிட்டார்கள். கடைசியில் கோயில் கமிட்டிக்குத் தீர்மானம் போயிற்று: பங்குனித் தேரில் அதே திருப்பத்தில் அபயாம்பாள் முறையான சகானா வாசித்து, விட்ட சுவரத்தை அதன் அடுத்த சுவரத்தில் சேர்த்து முடித்துவைக்க வேண்டும், இல்லையென்றால் இனி சாமி முன்னால் அவளுக்கு இடமில்லை, வெளியூர் மேளச் செட்டு ஒன்று தயாராகக் கூடவே வரும்.

கமிட்டிக்காரர்கள் தயங்கித் தயங்கித்தான் வந்து சொன்னார்கள். பக்கிரிசாமிக்குக் கோபம் வந்தது. வாசிக்காதே, போகட்டும், தேர் தானாக நகர்கிறதா பார்ப்போம் என்றான். அபயத்துக்கு வேறு கவலை. அடுத்த சுவரத்தை வாசித்தால் காந்தாரம் தன்னிடம் வந்துவிடும் என்று அவளுக்கும் தோன்றியது; மூச்சு முழுசாகிவிடும், சாமி முன்னால் தன் இடமும் நிற்கும். ஆனால் ஊர்?

தமயந்தியிடம் போனாள். அவள் வெள்ளைச் சட்டை ஒன்றின் காலரை அழுத்திக்கொண்டிருந்தாள். தூளிக்குள்ளிருந்து சின்னக் கால் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"உங்க மூச்சுக்கா அது. தராதீங்கன்னு கேக்க நான் யாரு" என்றாள் தமயந்தி. பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "ஆனா இவன் பொறந்ததுலேருந்து அதுக்குக் கீழதான் கண்ணு மூடுறான். அது இல்லாம தூங்க வைக்க எனக்குத் தெரியாதுக்கா. நான் தாலாட்டே கத்துக்கல."

அபயம் தூளிக்குள் எட்டிப் பார்த்தாள். பிள்ளை தூங்கவில்லை. வாயைக் கொஞ்சம் திறந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தான், யாரோ ஊட்டிவிடக் காத்திருக்கிற மாதிரி.

தேருக்கு முந்தைய வாரம், விடியற்காலையில், கடைகள் திறப்பதற்கு முன்னால், அபயம் குழலை எடுத்துக்கொண்டு தனியாகத் திருப்பத்துக்குப் போனாள். அங்கே நீலமேகம் இருந்தார். மடக்கு நாற்காலியைக் காந்தாரத்துக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் தினமும் அந்த நேரத்துக்கு வருகிறார் என்பது ரபீக் பாய்க்குத் தெரியும், ஆனால் சொன்னதில்லை. முதலில் காதுக்குப் பஞ்சு கொண்டுவந்தாராம். பிறகு பஞ்சு வருவது நின்றது, அவர் வருவது நிற்கவில்லை.

எழுந்திருக்கப் போனவரை, இருங்க சார் என்று கையமர்த்திவிட்டு, அபயம் மரத்தடியில் நின்று சட்ஜம் வைத்தாள். ரிஷபம் ஏறினாள். அடுத்தது காற்று. இன்னொரு தடவை. காற்று. தலைக்கு மேலே அவளுடையதே, அவளுக்கு எட்டாமல், முழங்கிக்கொண்டிருந்தது.

"ஏம்மா அன்னிக்கு அப்படிப் பிடிச்சே?" என்று கேட்டார் நீலமேகம். குற்றம் சொல்கிற குரல் இல்லை. தூக்கம் வராதவனுடைய குரல்.

"எப்படிப் பிடிச்சேன்னு கேட்டா சொல்லத் தெரியல சார். எங்கேயோ போயிட்டிருந்தேன். எங்கேன்னு அப்ப எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. நீங்க கையைத் தூக்கினீங்க." அவள் சீவாளியைத் துடைத்தாள். "இப்பத் தெரியல."

நீலமேகம் தலைக்கு மேலே பார்த்தார். பிறகு, தனக்குத்தானே கணக்குப் போடுகிறவர் போல, ஒரு சுவரம் தப்பா சரியா என்று அடுத்த சுவரம் வந்தால்தானே தெரியும் என்றார். அடுத்தது வருவதற்கு முன்னாலேயே நான் மார்க் போட்டுவிட்டேன் என்றார். கிளம்பும்போது நாற்காலியை மடக்கினார், அது சரியாக மடங்கவில்லை, இரண்டு மூன்று முறை திறந்து மடக்கி, அதனோடு மல்லாடிக்கொண்டே தெருவைத் தாண்டும்போது, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "மேளம் நிக்கக் கூடாதுங்கிறது இந்த ஊர் மரபு. நான் அதைக் காப்பாத்துற கழகம்."

தேரன்றைக்குக் காலையிலேயே தெற்கு வீதித் திருப்பம் நிறைந்துவிட்டது. காந்தாரம் போய்விடும் என்ற செய்தி பக்கத்து ஊர்களுக்கும் எட்டியிருந்தது. காதிரைச்சல்காரர்கள் கடைசியாக ஒரு தரம் உட்கார்ந்துவிட்டுப் போக வந்திருந்தார்கள், டவுன் பஸ் டிரைவர் லீவு போட்டிருந்தார், மொட்டைமாடிகளில் பெண்கள் குடை பிடித்து நின்றார்கள், வெளியூர்ச் செட்டுக்காரர்கள் புதுப் பட்டு உடுத்தி ஓரமாக, தங்களுக்கே பிடிக்காத இடத்தில் நிற்கிறவர்களைப் போல நின்றார்கள். வடம் பிடித்தவர்கள் கிழக்கு வீதி முழுக்கப் பாடுபட்டுத் தேரை இழுத்துவந்தார்கள். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை விழுந்தது. தேர் நின்றது. அபயம் சகானாவை எடுத்தாள்.

சட்ஜம். ரிஷபம். பிறகு காற்று.

அந்தக் காற்றில் எல்லோரும் காந்தாரத்தைக் கேட்டார்கள். மேலே இருந்ததைத்தான், ஆனால் அது அவள் குழலிலிருந்தே வருவது போல இருந்தது. அவள் அந்த இடத்திலேயே நின்றாள். அதற்கு மேல் போக உதடு வரவில்லை. பக்கிரிசாமி தவிலின் மேல் விரலை மட்டும் உருட்டிக்கொண்டு, அபயம், அபயம் என்று வாய்க்குள் சொன்னான். கழகத் தலைவர் வெளியூர்ச் செட்டைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அப்போது நீலமேகம் கூட்டத்திலிருந்து வெளியே வந்து, ஆனியில் எங்கே நின்றாரோ அங்கேயே போய் நின்று, வலது கையை அதே உயரத்துக்குத் தூக்கினார். மறுபடியுமா என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. தூக்கின கையை, கனமான எதையோ இறக்கி வைக்கிறவர் போல, மெல்ல மெல்லக் கீழே இறக்கினார்.

"வாசிம்மா" என்றார்.

அவள் வாசித்தாள். அடுத்த சுவரமான மத்தியமத்தை வாசித்தாள். இருக்கவேண்டிய இடத்தில் இருந்த, எந்தக் கருவியை வைத்து அளந்தாலும் முடி அளவுகூட விலகாத மத்தியமம். காந்தாரம் அதைக் கேட்டது, ஒரு கணம் யோசித்தது, பிறகு கூப்பிட்ட வீட்டுக்குப் போகிற பிள்ளை மாதிரி அடங்கி அதற்குள் போய்ச் சேர்ந்தது. தேர் நகர்ந்தது. ஜனங்கள் கத்தினார்கள். அந்தச் சத்தத்திலும் தெற்கு வீதித் திருப்பம் ஒரு பெரிய அண்டாவைப் போல வெறுமையாக இருந்தது. ரபீக் பாய் கடையில் பால் பொங்கி அடுப்பை அணைத்தது, தூளிக்குள் பிள்ளை வீறிட்டு அழுதான்.

அபயத்துக்குக் காந்தாரம் திரும்பிவிட்டது. கழகம் மேடை போட்டுப் பொன்னாடை போர்த்தியது. எந்த ராகத்தை எடுத்தாலும் காந்தாரம் அதனதன் இடத்தில் வந்து நின்றது, தவறவே இல்லை, வேண்டுமென்று தவறவைத்தாலும் தவறவில்லை. ஆனந்தபைரவி வாசித்தாள், கேட்ட சினிமாப் பாட்டெல்லாம் வாசித்தாள், சம்பந்திகள் சந்தோஷமாகக் கையலம்பினார்கள். வீட்டில் மட்டும், கொல்லைப்பக்கம் உட்கார்ந்து, சகானாவின் அந்த ஒரு பிடியை எடுத்து எடுத்துப் பார்த்தாள். தெருவில் நின்றதே அந்தக் காந்தாரம், அது வரவில்லை. வந்தாலும் அதை எங்கே கொண்டுபோக?

"விடு அபயம். கேட்டதுதானே கெடைச்சிருக்கு" என்றான் பக்கிரிசாமி.

"அன்னிக்கு நான் மத்தியமத்துக்குப் போகல மாமா."

"அப்ப எங்க?"

அவள் மறுபடி அந்தப் பிடியை எடுத்துத் தேடினாள். ஊரும் அப்படித்தான் இருந்தது. டவுன் பஸ் அந்தத் திருப்பத்துக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் ஊமையாக ஊர்ந்தது. பேரீச்சம்பழக்காரன் கூவல் பிடிபடாமல் ஒலிபெருக்கி வாங்கிவிட்டான். தபால்காரர் இன்னும் காந்தாரத்துக்கு எதிர் வீடு என்றுதான் கேட்டார், கேட்டுவிட்டு மேலே பார்த்தார். சண்டை போட வந்தவர்கள் இப்போது அந்த இடத்திலேயே சண்டை போட்டார்கள்.

நீலமேகம் மறுபடி வந்தார். இந்தத் தடவை தப்பு சொல்ல இல்லை. வாசலிலேயே நின்று, "தேரன்னிக்கு வாசிச்சது சரியா இருந்தது" என்றார். பிறகு செருப்பைப் பார்த்துக்கொண்டு, "ஆனா அது இல்ல. இல்லையாம்மா?" என்றார். இல்லை சார் என்றாள் அபயம். ஒரு தரம், ஒரே ஒரு தரம் அதைத் தேடிப் பாரேன் என்று அவர் கேட்டபோது, ஒரு காலத்தில் அவளைச் சாப்பிட விடாமல் அடித்த மனுஷருக்கு அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவள் தேடுவதை அவர் தூரத்திலிருந்து கேட்பார். இல்லை என்று தலையை ஆட்டுவார். அவளும் ஆட்டுவாள். இரண்டு பேரும் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான்.

ஆடி மாதத்தில் ஒருநாள் சாயங்காலம், காற்று புழுதியை வாரிக்கொண்டிருந்தபோது, அபயமும் பக்கிரிசாமியும் ஒரு கல்யாணத்திலிருந்து திரும்புகிற வழியில் ரபீக் பாய் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சின் அந்தக் கோடியில் நீலமேகம் டம்ளரை ஆற்றிக்கொண்டிருந்தார். தமயந்தி தேய்த்த துணி மூட்டையோடு எதிர்ச் சாரிக்குப் போயிருந்தாள். அவள் பிள்ளை, புதிதாக நிற்கக் கற்றவன், இஸ்திரி வண்டியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு லாரி குறுக்கே போயிற்று. அம்மா தெரியவில்லை. பிள்ளை வாயைத் திறந்து கூப்பிட்டான்.

"ம்மா..."

பெஞ்சின் இரண்டு கோடியிலும் இரண்டு தலைகள் ஒரே நேரத்தில் திரும்பின. நீலமேகத்தின் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து டீ வேட்டியில் கொட்டியது, அவருக்குத் தெரியவில்லை. அவருடைய வலது கை தானாக மேலே ஏறத் தொடங்கியிருந்தது. இடது கையால் அதைப் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டார். பக்கிரிசாமி ஏதோ கேட்க வாயெடுத்தான், அபயம் அவன் முழங்காலைத் தட்டினாள், பேசாதே என்று.

பிள்ளை இன்னும் இழுத்துக்கொண்டிருந்தான், விடாமல், தெருவில் நின்ற காந்தாரத்தின் அந்த உயரத்திலேயே, அந்தக் குழைவிலேயே, இருக்கவேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே. யாரும் நிறுத்தவில்லை. லாரி விலகியது. தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, புழுதிக்குள்ளிருந்து, மூட்டையைத் தோளில் மாற்றியபடி தமயந்தி குரல் கொடுத்தாள்.

"தோ வந்துட்டேண்டா..."

அந்தக் குரலை நோக்கித்தான் அன்றைக்குச் சகானாவில் அபயம் போய்க்கொண்டிருந்தாள்.